இரண்டாம் விருப்பு

ரோவில் புறநகரில் யாமினியைத் தெரியாத புலம்பெயர் தமிழர் குறைவு. கடைத்தொகுதிக்குள் இருக்கும் பார்மசியில் மருந்து கொடுப்பவள் அவள்தான். பிரஷர் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா எடுப்பது என்று ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்படும் அம்மாமார், அவள் வேலை செய்யும் நாள் பார்த்து வருவார்கள். அப்படி வந்தவர்கள் 2020 ஒக்டோபரில் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வந்த ஓரிருவரும் அவள் கையை நீட்டும்போது, "மற்றவர் இல்லையோ?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

காரணம் ஒரு குரல்பதிவு.

அந்த வருடம் யாமினி உள்ளூராட்சிக் கவுன்சில் தேர்தலில் நின்றாள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க ஒரு விளக்குப் போடச் சொல்லி இரண்டு வருடம் எழுதிக் களைத்து, கடைசியில் நானே போய் இருந்து கேட்கிறேன் என்று இறங்கினாள். அந்தத் தேர்தலில் கட்சிக் கொடியோடு யாரும் வருவதில்லை. எல்லாரும் சுயேச்சை, வட்டாரத்துக்கு ஒரு கவுன்சிலர். தமிழர் சங்கத் தலைவர் விக்னராஜா, "நில்லும் பிள்ளை, நாங்கள் இருக்கிறம்" என்று சொன்னவர், மனுக் கொடுக்கும் கடைசி நாளில் தானும் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தார். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

லொக்டவுன் காலம். வீடு வீடாகப் போக முடியாது. தேர்தல் முழுவதும் போனில்தான் நடந்தது. தபாலில் வாக்குச்சீட்டு வந்து சேர்ந்த வாரத்தில் விக்னராஜாவின் குரல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போகத் தொடங்கியது. யாமினியின் தோழி ஒருத்தி மனம் கேளாமல் அவளுக்கும் அனுப்பினாள்.

"யாமினி நல்ல பிள்ளை. அவவைப் பற்றி நான் குறையா ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனா பாவம், வயித்திலை இருந்த பிள்ளை தவறினதுக்குப் பிறகு மனநல வாட்டிலை கொஞ்ச நாள் வைச்சிருந்தவை. இந்தப் பாரத்தையும் அவவின்ரை தலையிலை ஏத்துறது சரியோ எண்டு நீங்கள்தான் யோசிக்க வேணும்."

ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்த குழந்தை. அதற்குப் பிறகு அவள் ஆசுபத்திரியில் இருந்தது உண்மை. கணவன் அருந்தவனைத் தவிர அதை அறிந்தவர் ஒரே ஒருவர்தான்: விக்னராஜாவின் மனைவி செல்வராணி. அந்த நாட்களில் யாமினி வாயைத் திறந்து சாப்பிட்டதே செல்வராணி அக்கா கரண்டியால் ஊட்டிய கஞ்சியைத்தான். ஊட்டிவிட்டு வீட்டுக்குப் போன அக்காதான் அதைக் கணவனிடம் சொல்லியிருக்கிறாள்.

விக்னராஜா வென்றார். யாமினி தோற்றாள். தோற்றதைவிட அவளைச் சுட்டது அந்தக் குரலில் இருந்த இரக்கம். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள். கோயிலில் அவளைக் கண்டதும் பெண்கள் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளையோடு பேசுவதுபோல் மெல்லப் பேசினார்கள். அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. செல்வராணியின் அழைப்புகளை எடுக்காமல் விட்டாள். குரல்பதிவை மட்டும் அழிக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் சில நாட்களில் காரில் அதைப் போட்டுக் கேட்பாள்.

2024 தேர்தல் அறிவித்ததும் மறுபடியும் நிற்கப்போவதாக அருந்தவனிடம் சொன்னாள்.

"வெல்லுவன் எண்டு நினைக்கிறீரோ?" என்று கேட்டார்.

"நான் வெல்லத் தேவையில்லை. அவர் தோற்க வேணும்."

வழி அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இங்கே வாக்குச்சீட்டில் ஒரு பெயருக்கு மட்டும் புள்ளடி போட முடியாது. நிற்கிற எல்லாருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு எண் போட வேண்டும். கடைசியாக வருபவர் விழுந்தால், அவருடைய வாக்குகள் அந்தந்தச் சீட்டில் இரண்டாவதாக எழுதியிருப்பவருக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு வேட்பாளரும் தன் ஆதரவாளருக்கு இப்படி எண் போடுங்கள் என்று ஒரு அட்டை அடித்துக் கொடுப்பார். அந்த அட்டையில் யாருக்கு எந்த இடம் என்பதில்தான் பாதித் தேர்தல்.

யாமினி நேரே இன்னொரு வேட்பாளரான ஷாரனிடம் போனாள். கோயிலுக்குக் கார் நிறுத்த இடம் கேட்டபோது தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கி அதைத் தடுத்த பெண் அவள். தமிழ்ச் சமூகத்தில் அவள் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். அவளுடைய குசினி மேசையில் தேநீரை வைத்துக்கொண்டு யாமினி பேச்சை முடித்தாள்: நான் உனக்கு இரண்டாம் இடம், நீ எனக்கு இரண்டாம் இடம், விக்னராஜா இருவருக்கும் கடைசி. ஷாரனுக்கு ஆச்சரியம். உன் ஆட்கள் உன்னைச் சும்மா விடுவார்களா என்று கேட்டாள். அவர்கள் ஏற்கனவே என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று யாமினி சொன்னாள்.

அருந்தவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கோயில் விஷயத்தில் எதிரியாக நின்றவளோடு கைகோர்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் தானே அட்டைகளைக் காரில் ஏற்றினார்.

பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். முதலில் தமிழ் வீடுகளுக்கு. குரல்பதிவு போய்ச் சேர்ந்த வீடு எதுவென்று அவளுக்கு ஓரளவு தெரியும். கதவு திறந்ததும் சிரித்துக்கொண்டே, "போன முறை நான் ஆசுபத்திரியிலை இருந்தனான் எண்டு கேள்விப்பட்டிருப்பியள்" என்று தொடங்குவாள். எதிரே நிற்பவர் நெளிவார். அவள் விட மாட்டாள். "உண்மைதான். உங்களுக்கு ஆர் சொன்னவை?" என்று கேட்டுவிட்டு அசையாமல் நிற்பாள். அவர்கள் வாயால் விக்னராஜாவின் பெயர் வரவேண்டும். சிலர் மழுப்பினார்கள். பலர் தரையைப் பார்த்தபடி, "விக்கி அண்ணைதான்" என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு உள்ளே இனித்தது. அதற்குப் பிறகுதான் அட்டையை நீட்டுவாள்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பெயரைச் சொன்ன பெண்களில் சிலர் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்கள். தங்கள் நித்திரை வராத இரவுகளையும், யாருக்கும் சொல்லாமல் எடுக்கும் குளிசைகளையும் பற்றிச் சொன்னார்கள். யாமினி எல்லாவற்றையும் கேட்டாள். ஆனால் எழும்பும்போது அவள் மனம் அடுத்த வீட்டில்தான் இருந்தது.

விக்னராஜாவின் அட்டை வந்தது. அதில் முதலாவது அவர், இரண்டாவது யாமினி. அவள் எப்படியும் கடைசியில் வந்து விழுந்துவிடுவாள், அவளுக்கு விழுகிற அனுதாப வாக்குகளைத் தன் பக்கம் இழுக்க இது உதவும் என்பது அவர் கணக்கு. சங்கத்தில் அதைப் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். யாமினியின் அட்டையில் அவர் கடைசியில் இருப்பதைக் காட்டி, "பாத்தியளோ" என்றார்கள்.

எண்ணிக்கை முடியச் சில நாட்கள் எடுத்தது. ஷாரன் முன்னால் நின்றாள். நாலாவது வேட்பாளரான ஒரு இளைஞன் முதலில் விழுந்தான். அவனுடைய வாக்குகள் பிரிந்து வந்ததில், விக்னராஜாவை யாமினி மயிரிழையில் தாண்டிவிட்டாள். மூன்றாவதாக வந்து விழுந்தது அவர்தான். அவருடைய வாக்குகளைத் திறந்து பார்த்தால் இரண்டாம் இடத்தில் யாமினி, யாமினி, யாமினி. அவர் அட்டையைப் பார்த்து அவருடைய ஆட்கள் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். அந்த வாக்குகள் அவளை ஷாரனுக்கு மேலே தூக்கிக் கவுன்சிலர் ஆக்கிவிட்டன.

தோற்கடிக்கப் போனவள் அவர் தோளில் ஏறி வென்றுவிட்டாள். அருந்தவன் கட்டிப்பிடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரத்துக்குள் ஊரெல்லாம் கதை மாறிவிட்டது: விக்கி அண்ணை விட்டுக்கொடுத்த ஆசனம். தோற்ற மனுஷன் தலை நிமிர்ந்து திரிந்தார். அவரே முன்நின்று சங்க மண்டபத்தில் அவளுக்கு வரவேற்பும் வைத்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. விக்னராஜா பொன்னாடை போர்த்திவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். "எங்கடை ஆசனம் வெளியிலை போகக்கூடாது எண்டுதான் நான் தங்கச்சிக்கு இரண்டாம் விருப்பைக் குடுக்கச் சொன்னனான்" என்றார். கைதட்டினார்கள். பிறகு ஒலிவாங்கியை அவளிடம் நீட்டி, நன்றிக்காகக் காத்து நிற்பவர்போல் ஓரமாக நின்றார்.

யாமினி போனை எடுத்து ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

ஏதோ வாழ்த்துச் செய்தி என்று நினைத்து அவர் புன்னகைத்தார். அவருடைய குரலே மண்டபம் முழுக்க வந்தது. யாமினி நல்ல பிள்ளை. பாவம். மனநல வாட். புன்னகை அவர் முகத்தில் கொஞ்ச நேரம் போக இடமில்லாமல் நின்றது. வடை எடுத்துக்கொண்டு நின்ற ஒருவர் அதை மெல்லத் தட்டில் திருப்பி வைத்தார்.

"இதைக் கேட்டுப்போட்டுப் போன முறை எனக்குப் போடாமல் விட்ட ஆக்கள் இஞ்சை இருக்கிறியள்" என்றாள் யாமினி. "இந்த முறை போட்டதுக்கு நன்றி. இவருக்குச் சொல்ல என்னட்டை நன்றி இல்லை."

விக்னராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். அங்கே இருந்த செல்வராணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கணவனைப் பார்க்கவில்லை. பக்கக் கதவால் வெளியே போனாள். ஊரே கேட்ட பதிவை அவள் மட்டும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள் என்பது அவள் நடந்த நடையிலேயே தெரிந்தது.

அடுத்த கிழமை மத்தியானம் செல்வராணி பார்மசிக்கு வந்தாள். மகள் வீட்டில் நிற்பதாகச் சொன்னாள். முகம் வீங்கியிருந்தது.

"அவருக்கு நான்தான் சொன்னனான். புருஷன்தானே எண்டு சொன்னனான்."

"தெரியும் அக்கா."

"எண்டால் எனக்குத் தனிய ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாலு வருஷமா நீர் ஏன் போன் எடுக்கேல்லை எண்டு தெரியாமல் அழுதிருக்கிறன். கடைசியிலை அவ்வளவு சனத்துக்கு முன்னாலைதான் தெரிய வேணுமோ?"

மன்னிப்புக் கேட்கலாம். அந்தச் சொல் யாமினியின் நாக்கு நுனிவரை வந்தது. கஞ்சிக் கரண்டியும் நினைவுக்கு வந்தது. ஆனால் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்களுக்கும் கேக்க வேணும் எண்டுதான் போட்டனான்" என்றாள்.

செல்வராணி கோபப்படுவாள் என்று யாமினி எதிர்பார்த்தாள். அவளோ, "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைத்தொகுதிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

விக்னராஜா சங்கத் தலைமையை விட்டார். உடல்நிலை என்று காரணம் சொன்னார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது இப்போது எல்லாரும் குரலைத் தணித்து, "பாவம்" என்றார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று யாமினி இரண்டாவது தட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

முதல் கவுன்சில் கூட்டத்துக்குக் காரில் போகும்போது, இப்ப மனம் ஆறிவிட்டதா என்று அருந்தவன் கேட்டார்.

"அவரை நினைச்சால் ஆறிட்டுது" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அக்காவை நினைச்சால் இல்லை. எண்டாலும், திருப்பி அந்த மேடையிலை விட்டால் திருப்பியும் போடுவன்" என்றாள்.

அருந்தவன் கவுன்சில் கட்டிடத்தின் பக்கம் காரைத் திருப்பினார்.