பாலம் வந்தால் அவன் முறை

காலை ஏழு மணி பதினாறு நிமிஷத்துக்குத்தான் கடைசிக் குழுவை விட்டார்கள்.

முதல் குழு ஏழு மணிக்கே போய்விட்டது. இந்தச் சைக்கிள் பந்தயத்தில் மெதுவாக ஓட்டுகிறவர்கள் முதலில் கிளம்புவார்கள், வேகமானவர்கள் கடைசியில். யாருக்கு எத்தனை நிமிஷம் சலுகை என்று முடிவு செய்பவரை எல்லாரும் நிமிஷக்காரர் என்பார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் வட்டம், ஐந்து சுற்று. முதலில் கோட்டைத் தொடுகிறவருக்குக் கோப்பை. கடைசிக் குழுவுக்குச் சலுகையே கிடையாது. முன்னால் போன முப்பத்தெட்டு பேரையும் பிடித்தால்தான் உண்டு.

கடைசிக் குழுவில் நான்கு பேர். பேக்கரிக்காரர், பஸ் டிரைவர், அவள், அவளுடைய தம்பி. மழை விடியுமுன்பே பிடித்துக்கொண்டிருந்தது.

நிமிஷக்காரர் குடைக்கு அடியில் நின்று கடிகாரத்தைத் துடைத்தார்.

"எல்லாரும் நிமிஷம் கூட்டிக் குடுங்கன்னு என் காலைச் சுத்துவாங்க. நீ ஒருத்திதான்மா ஜெயிச்சு ஜெயிச்சு இருந்ததையும் தொலைச்சவ."

அவள் சிரித்தாள். ஒரு வருஷத்தில் நான்கு சின்னப் பந்தயங்களில் ஜெயித்திருந்தாள். ஒவ்வொரு வெற்றிக்கும் அவளுடைய சலுகை குறைந்தது. ஏழு நிமிஷம், ஐந்து, இரண்டு, கடைசியில் ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தம்பி இருக்கும் குழுவுக்கு வேறு வழி இல்லை.

"என்னக்கா, கடைசியில என் பக்கத்துலயே வந்துட்டே?" என்றான் தம்பி.

"உன்னை விட்டு இருக்க முடியலடா."

கொடி இறங்கியது.

இரண்டு வருஷத்துக்கு முன் இருவரும் ஒரே கிளப்பில் இருந்தார்கள். அந்த வருஷப் பந்தயத்தன்றும் மழை. கடைசிச் சுற்றில் இருவரும் முன்னால் தனியாக வந்துவிட்டார்கள். கல்வெர்ட்டு வளைவில் அவளுடைய முன்சக்கரம் வழுக்கியது. தோளில் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து அவனைப் பார்த்தாள். அவன் தலையைத் திருப்பினான். பார்த்தான். பிறகு போனான்.

அவள் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருப்பவள்; கிளப்பில் அவளைக் கூப்பிடுவதே எக்ஸ்ரே என்றுதான். தன் காறை எலும்பு இரண்டாகக் கிடப்பதைத் தன் மெஷினின் திரையிலேயே பார்த்தாள். அது ஒன்பது வாரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டாதது வேறு. பரிசளிப்பில் மைக்கைப் பிடித்து அவன் சொன்னானாம்: "அக்கா எனக்காகவே விழுந்தாங்க." கூடம் முழுவதும் சிரித்ததாம். கை கட்டோடு அவள் படுத்திருந்த வார்டுக்கு வந்து பேக்கரிக்காரர் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுமாதமே தம்பி பணக்கார கிளப்புக்குப் போனான். போகிறபோது, "இது கிளப்பா, முதியோர் இல்லமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். போன வருஷமும் அவனே ஜெயித்தான். மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தால் கோப்பை திரும்பி வராது, அவனுக்கே சொந்தம். இப்போது அது அம்மா வீட்டில் டிவிக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அம்மா அதைத் துணியால் துடைத்தபடியே கேட்பாள்: "உனக்கு இன்னும் தோள் வலிக்குதாடி?"

இந்த ஞாயிறோடு அது அங்கிருந்து இறங்க வேண்டும்.

நான்கு பேரும் ஒற்றை வரிசையில் போனார்கள். முன்னால் போகிறவர்தான் காற்றை முகத்தில் வாங்குவார். பின்னால் வருகிறவர்களுக்குப் பாதி உழைப்புதான். அதனால் முறை வைத்து முன்னால் வருவார்கள். பழைய கிளப்பின் வழக்கம், வலது கால் நூறு முறை மிதிக்கும்வரை முன்னால் இருப்பது. நூறு ஆனதும் முழங்கையை அசைத்து ஒதுங்கி, வரிசையின் வாலுக்குப் போவது. மழையில் எந்தக் கருவியையும் பார்க்க முடியாது. எண்ணிக்கை மட்டும்தான் நனையாது.

தம்பிக்கும் அந்த வழக்கம்தான் ரத்தத்தில் ஊறியிருந்தது. அவனைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், ஆனால் முறையைத் தட்டிக் கழித்தான் என்று யாரும் சொல்ல முடியாது. காய்ச்சலோடு வந்த நாளிலும் நூறு மிதித்தவன். தொண்ணூற்றொன்பதில் ஒதுங்க மாட்டான்.

அவள் கட்டியதெல்லாம் அந்த ஒரு குணத்தின் மேல்தான்.

பாதையின் வரைபடத்தை ஒருநாள் வேலை இடத்தில், படம் பார்க்கும் விளக்குப் பலகையில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டத்தில் நான்கு கஷ்டமான இடங்கள். ஆற்றுப் பாலம், எதிர்காற்று. மில் ஏற்றம். செங்கல் சூளை, திறந்த வெளி. கல்லறை மேடு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே மூன்று கிலோமீட்டர், கொஞ்சம் முன்பின். நான்கு பேரின் முறை ஒரு தடவை சுற்றிவர மூன்று கிலோமீட்டர் ஆனால், நான்கு இடமும் ஒரே ஆளின் தலையில் விழும். ஆளுக்கு நூறு என்றால் மூன்று கிலோமீட்டர் வராது, இருநூறு மீட்டர் குறையும். மற்ற மூவரும் நூற்றுப்பத்து மிதித்தால் சரியாக வரும்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை அவளும், பழைய கிளப்பிலேயே இருந்த பேக்கரிக்காரரும் டிரைவரும் அந்த வட்டத்தில் எண்ணிப் பழகினார்கள். தம்பி இடத்தில் யாரும் இல்லை. பாலம் வந்ததும் மூவரும் அந்த இல்லாத ஆளுக்குப் பின்னால் நூறு எண்ணினார்கள்.

"விதியில தப்பு ஒண்ணும் இல்லையே?" என்று டிரைவர் அப்போது கேட்டார். முப்பது வருஷம் சிக்னலுக்கு நின்று பழகியவர்.

"நாம நூத்திப்பத்து மிதிக்கிறோம், அவன் நூறு. இதுல அவனுக்கு லாபம்தானே?" என்றார் பேக்கரிக்காரர். மாவு பிசைந்து மரத்த கைகளை ஆட்டி, "முதியோர் இல்லத்துல இருந்து அவனுக்கு ஒரு அன்பளிப்பு" என்றார்.

முதல் சுற்றில் பாலத்தின் முதல் விளக்குக் கம்பம் வந்தது. அவள் முழங்கையை அசைத்து ஒதுங்கினாள். தம்பி முன்னால் போனான். ஆற்றின் மேலிருந்து வந்த காற்று மழையைப் படுக்கவைத்து அவன் முகத்தில் அடித்தது. பாலத்தின் இரும்பு இணைப்புகளில் சக்கரம் லேசாக நழுவியது. அவன் தலையைக் குனிந்து நூறு மிதித்தான். அவன் முதுகின் மறைவில் மூவரும் மூச்சு வாங்கிக்கொண்டார்கள்.

மில் ஏற்றம் வந்தது. அவன் முறை.

சூளை. அவன் முறை.

கல்லறை மேடு. அவன் முறை.

இரண்டாம் சுற்றில் பின்னால் வரும்போது அவன் கத்தினான்: "என்ன கிழவங்களா, இன்னைக்கு ரொம்பத் தாராளமா இழுக்கிறீங்க? நூறு தாண்டிப் போறீங்களே!"

"எண்ணிக்கை மறந்துபோச்சு தம்பி. வயசாச்சுல்ல" என்றார் டிரைவர்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் காதில் பரிசளிப்புக் கூடத்துச் சிரிப்பாகவே விழுந்தது. அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.

மூன்றாம் சுற்றில் நடுக் குழுக்களைப் பிடித்தார்கள். நனைந்த ஆடுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு போனவர்களை நின்று விசாரிக்காமல் கடந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் ஒட்டப் பார்த்தார்கள். முறை எடுக்க ஒருவரும் வரவில்லை, மில் ஏற்றத்தில் உதிர்ந்துபோனார்கள். பேக்கரிக்காரருக்கு இருமல் வந்தது. டிரைவரின் பின்சக்கரத்திலிருந்து பீறிட்ட சேறு அவள் பல்லுக்கிடையில் நறநறத்தது. துப்பினால் எண்ணிக்கை தவறும். விழுங்கினாள்.

நான்காம் சுற்றில், பாலத்தில், தம்பி தொண்ணூறில் தோளை ஆட்ட ஆரம்பித்தான். அவளுக்கு அது தெரியும். சின்ன வயதிலிருந்தே, முடியாதபோது அவனுக்குத் தோள்தான் முதலில் ஆடும். அவன் ஒதுங்குவான் என்று நினைத்தாள். ஒதுங்கினால் எல்லாம் போயிற்று. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. அவன் நூறு மிதித்துவிட்டுத்தான் ஒதுங்கினான். அவளைக் கடந்து பின்னால் போகும்போது முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் கத்தவே இல்லை.

கடைசிச் சுற்றில், சூளை தாண்டியதும், முன்னால் மிஞ்சியிருந்த ஆறு பேர் தெரிந்தார்கள். மஞ்சள் சட்டைகள், மழையில் கரைந்த மாதிரி. இடைவெளி இருநூறு மீட்டர். கல்வெர்ட்டு வளைவில் அவள் முன்னால் இருந்தாள். இந்த முறை வழுக்கவில்லை. எந்த இடத்தில் சக்கரம் போகக் கூடாது என்று அவளுடைய எலும்புக்கே தெரியும். நூற்றுப்பத்து. கல்லறை மேட்டின் அடி. முழங்கையை அசைத்தாள்.

தம்பி முன்னால் வந்தான். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தான். அறுபதில் தோள் ஆடியது. எண்பதில் தலை ஆடியது. அந்த ஆறு பேரையும் பிடித்துக் கொடுத்தது அவன்தான். நூறு மிதித்தான். முழங்கையை அசைத்தான், ஒதுங்கினான், வாலில் ஒட்டப் பார்த்தான்.

ஒட்ட முடியவில்லை.

ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தது. பிறகு இரண்டு.

"எக்ஸ்ரே, அவன் விட்டுட்டான்" என்று பேக்கரிக்காரர் மூச்சுக்கிடையில் சொன்னார். "என்ன செய்ய? மெதுவா போகணுமா?"

அவள் தலையைத் திருப்பினாள். நிதானமாக, அவன் பார்க்கும்படி திருப்பினாள். அவன் வாயைத் திறந்து, தண்ணீர் வழியும் முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக அவள் கண்ணை மூடினால் வந்த காட்சி இது. ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். ஒரு நொடி பார்த்தாள். முன்னால் திரும்பினாள். கியரை ஒரு பல் இறக்கி வேகம் கூட்டி மிதித்தாள்.

பேக்கரிக்காரர் அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தார். டிரைவர் மூன்றாவது. அவள் நான்காவது. தம்பி பதினாலாவதாக வந்தான். வழியில் அவர்கள் கடந்துவந்த ஆட்களே அவனைத் திரும்பக் கடந்து வந்திருந்தார்கள்.

பரிசளிப்புக் கூடத்தில் ஈரச் சாக்ஸ் நாற்றம். நிமிஷக்காரர் மைக்கைப் பேக்கரிக்காரரிடம் நீட்டினார். அவர் அதை அவளிடம் தள்ளினார்.

"நீதான் பேசணும். எனக்கு மாவு பிசையத்தான் தெரியும்."

இந்த வாக்கியத்தை அவள் இரண்டு வருஷமாக வாயில் வைத்திருந்தாள். கூட்டத்தில் தம்பி எங்கே நிற்கிறான் என்று தேடினாள். கதவோரம் நின்றிருந்தான். அவனைப் பார்த்தே சொன்னாள்.

"தம்பி எங்களுக்காகவே இழுத்தாரு."

கூடம் சிரித்தது. டிரைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அதே கூடம், அதே சிரிப்பு. இனிக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். இனிக்கவும் செய்தது. இன்னொரு தடவை சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் அவள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். ஹெல்மெட் இன்னும் தலையில் இருந்தது. மோவாய்க்கடியில் விரல்கள் கொக்கியைத் தேடித் தேடி நழுவின.

"விறைச்சுப்போச்சு" என்றான். "கழட்டி விடுக்கா."

அவள் துணியை வைத்துவிட்டு எழுந்தாள். கொக்கியை அழுத்தினாள். அவன் கழுத்து ஐஸாக இருந்தது.

"பாலம் எனக்கே வருதுன்னு நாலாவது சுத்துலதான் புரிஞ்சது."

"அப்புறம் ஏன் முறையை விடல?"

"விட்டிருந்தா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிருக்கும்."

"இப்ப மட்டும்?"

"இப்பவும்தான்." ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பற்கள் தந்தியடித்தன. "கோப்பையை நானே அம்மா வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்து குடுத்துடறேன். அதை விடு. ஒண்ணு மட்டும் சொல்லு."

அவள் மறுபடி துணியைக் கையில் எடுத்தாள்.

"அன்னைக்கு நான் திரும்பிப் பார்த்தது, நீ எழுந்து உக்காந்துட்டியான்னு பார்க்க. உக்காந்துட்டே, அதனால போனேன். இன்னைக்கு நீ எதுக்குக்கா திரும்பிப் பார்த்தே?"