அக்கா வீட்டுக்குப் பூசிய துரு

அக்காவுக்கு வீடு தொழிற்சாலை மாதிரி இருக்க வேண்டுமாம். ஊர் உலகமெல்லாம் பட்டறையிலிருந்து தப்பித்து வீட்டுக்கு ஓடுகிறது, இவள் பட்டறையையே வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறாளே என்று தங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தங்கை ஒரு வெல்டர். வாரம் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு விடுமுறை நாளிலும் இரும்பா? ஆனால் கேட்டது அக்கா. அக்காவிடம் 'மாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

அக்காவும் அத்தானும் போனில் படங்களைக் காட்டிக் காட்டி வேலை வாங்கினார்கள். கூடத்துச் சுவரின் பூச்சைக் கொத்தி எடுத்தால் உள்ளே இருந்த செங்கல் பார்க்கச் சகிக்கவில்லை. அதன்மேல் செங்கல் மாதிரியே ஓடு ஒட்டினார்கள். அலமாரி செய்ய வாங்கிய புது இரும்புக் குழாய் பளபளக்கிறது என்று அத்தானுக்கு மனக்குறை. தங்கை வினிகரும் உப்பும் தடவி, வெயிலில் வைத்துத் துருவேற்றி, அதன்மேல் வார்னிஷ் அடித்துக் கொடுத்தாள். துருவைச் சுரண்டியே பிழைப்பவள் துருவை வளர்த்த கதையைப் பட்டறையில் சொன்னபோது மேஸ்திரிக்குப் புரையேறிவிட்டது.

இத்தனைக்கும் அவள் கூலி பேசவில்லை. உயரமான அந்தக் கூடத்தில், பாதி உயரத்தில், இரும்புச் சட்டத்தால் ஒரு மேல்தளம் அமைத்தாள். ஏறிப்போகப் படிகள், மேலே சட்டத்தோடு சேர்த்து வெல்டு வைத்த ஒரு கட்டில்.

"அது உனக்குத்தாண்டி. வாடகை ரூம்ல எத்தனை நாள் சுவரைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவ?" என்றிருந்தாள் அக்கா.

அம்மா போனபிறகு அவளை 'வா' என்று கூப்பிட்டவர் யாருமில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எந்த இரும்பையும் வளைத்துக் கொடுத்திருப்பாள். கட்டிலைத் தன் உயரத்துக்கே அளந்து செய்தாள். உயரம் என்று சொல்லிக்கொள்ள அவளிடம் பெரிதாக ஒன்றுமில்லை. வாடகை அறையையும் காலி செய்துவிட்டாள்.

மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவள் வந்து சேர்ந்த அன்று, கூடத்தில் முன்பின் தெரியாத ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். அந்த ஆள் படியேறிப் போய்க் கட்டிலில் படுத்துப் பார்த்தார். கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு, நாங்களே வாங்கிக்கறோம்" என்றாள் மனைவி. "ஆனா கட்டில் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?"

"வெல்டர் அளவைத் தப்பா எடுத்துட்டாங்க" என்றாள் அக்கா. வாசலில் நின்ற தங்கையின் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

வீடு கைமாறுகிறது என்பது ஒரு பக்கம். அக்காவுக்கே தான் யாரோ ஒரு வெல்டராகிவிட்டோமே என்பது தங்கைக்கு அதைவிட வலித்தது.

"அளவு தப்பில்லைங்க. அது என் அளவு" என்றாள் தங்கை.

அக்கா சட்டென்று அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"வீட்டை விக்கறியா?"

"அத்தானுக்கு வேற ஊர்ல வேலை. இப்படி மாத்தி வச்சா நல்ல விலைக்குப் போகும்னு அவர்தான் சொன்னார்."

"மேல எனக்குன்னு சொன்னியேக்கா?"

அக்கா ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள். "விக்கறதுக்குன்னு சொல்லியிருந்தா நீ இவ்வளவு மனசு வச்சு செஞ்சிருப்பியா?"

அவ்வளவு நன்றாக அவளைத் தெரிந்து வைத்திருந்தாள் அக்கா. தெரிந்தேதான் செய்திருக்கிறாள். அழக் கூடாது என்று தங்கை நினைத்தாள், முடியவில்லை.

அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்தக் கை ஒரு கணம் பழைய அக்காவின் கையாகவே இருந்தது.

"அழாதடி. இந்தக் கட்டிலை மட்டும் ஒரு அரை அடி நீட்டிக் குடுத்துடு. இல்லன்னா அவங்க விலையைக் குறைப்பாங்க."

தங்கை அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் உன் தங்கச்சி செஞ்சதுக்கா. இனிமே வெல்டர் வேணும்னா பட்டறைக்கு வா, கூலி என்னன்னு சொல்றேன்."

வாசலில் விட்டுவந்த மெத்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.