நடுக்கட்டம்

வேலையில் எவ்வளவு திருப்தி என்று கேட்கும் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கியவன் நான். ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் ஐந்து கட்டங்கள். இந்த ஓரத்தில் ‘மிகவும் திருப்தி’, அந்த ஓரத்தில் ‘துளியும் இல்லை’. எந்தப் பக்கமும் சாயாத ஆட்களுக்காக நட்டநடுவில் ஒரு கட்டம். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு எழுதினேன்: ‘பரவாயில்லை’.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அநேகமாக எல்லோரும், எல்லாக் கேள்விக்கும், அந்தக் கட்டத்தில்தான் டிக் அடித்திருந்தார்கள்.

“ஒத்துமையான ஜனங்க,” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. அக்கா என்றால் பெரியம்மா மகள். சில மாதம்தான் மூத்தவள். உளவியல் வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பெரியம்மா வேலை செய்யும் சலவைக்கூடத்தில் இந்த ஆய்வை நடத்த, மேற்பார்வையாளர் அம்மாவிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியவள் அவள்தான்.

“எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ஷிப்ட் நேரத்துக்கு ‘என்ன பண்றது, தலையெழுத்து, பரவாயில்லை’யாம். பக்கத்து மெஷின்காரம்மாவுக்கு, பழைய வேலைக்கு இது எவ்வளவோ பரவாயில்லையாம். இஸ்திரி போடுற அண்ணன் இருக்காரே, அவரு ‘பதிலெல்லாம் வேணாம், பரவாயில்லம்மா’ன்னு போட்டாராம். மூணையும் கூட்டி சராசரி எடுக்கட்டுமா?”

இப்படி அடிபடாமல் இருக்க எங்கள் பாடத்திலேயே வழி இருக்கிறது. ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைக் கண்ணால் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்பவும் ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ‘திருப்பி மொழிபெயர்க்கக் குடுத்தியாடா?’ என்று அக்கா அப்போதே கேட்டாள். ‘ம்ம்’ என்றேன். பொய்யில்லை. கொடுத்திருந்தேன், எனக்கே.

பாடம் எடுப்பவருக்கு ‘மாதிரி சார்’ என்று பெயர் வைத்திருந்தோம். ஆய்வுக்கு எடுக்கும் ஆட்களை ‘மாதிரி’ என்பார், மற்ற எதைப் பேசினாலும் வாய்க்கு வாய் ‘மாதிரி’தான். எங்கள் தாள்களைச் சீட்டுக்கட்டுப் போலத் தள்ளிவிட்டார்.

“மாதிரி நல்லாத்தான் இருக்கு. ஆய்வுதான் ஆய்வு மாதிரி இல்ல. யாரு தமிழாக்கினது?”

“நான் சார்.”

“திருப்பி ஆங்கிலமாக்கினது?”

“அதுவும் நான்தான் சார்.”

“அப்ப சரிபார்த்தது யாரு, உன் நிழலா?”

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அந்த விஷயம் அப்போதுதான் தெரியும்.

“மறுபடி செய்யுங்க,” என்றார் சார். “சேர்ந்து செய்றதும் தனியா செய்றதும் உங்க பாடு. தனியான்னா ஆளுக்கொரு இடம் தேடிக்கணும். இல்லாட்டி இந்தப் பாடத்துல ரெண்டு பேரும் தேற மாட்டீங்க.”

எனக்கு வேறு இடம் யார் கொடுப்பார்கள்? என் வாய்க்கு, வீட்டிலேயே இடம் கொடுக்க யோசிக்கிறார்கள்.

வராந்தாவில், “மன்னிச்சிடுக்கா,” என்றேன்.

“பரவாயில்லை.”

“சலவைக்கூடத்துக்கு நானும் வரட்டுமா?”

“பரவாயில்லை.”

வா என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா? அந்தச் சொல்லைக் கட்டம் கட்டி ஊருக்கே விநியோகித்தவன் நான், எனக்கே விளங்கவில்லை. பின்னாலேயே போனேன்.

உள்ளே நீராவியும் பிளீச்சிங் நெடியும். ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தள்ளுவண்டியில் மலைமலையாகக் குவித்திருந்தார்கள். மெஷின் இரைச்சலுக்கு மேலே மேற்பார்வையாளர் அம்மாவின் குரல் கேட்டது.

“மறுபடியுமா? எழுதுறப்ப ரகசியம்னு சொன்னீங்க. இப்ப எதுக்கு இப்படி எழுதினேன்னு வீட்ல விசாரணை நடக்குதாமே?”

“எங்கம்மாகிட்ட நான் கேட்டிருக்கக் கூடாது. என் தப்புதான்,” என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நிலைமையை இலேசாக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். “இந்தத் தடவை நல்லா வெளுத்துக் கொண்டுவந்துடுவோம்மா.”

ஒருவரும் சிரிக்கவில்லை. விரிப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்த பெரியம்மா, மறுமுனையை என்னைத் தாண்டி வேறு ஒருத்தியிடம் நீட்டினாள்.

“இவன் யாரு?” என்றார் மேற்பார்வையாளர் அம்மா.

“கூடப் படிக்கிறவன்,” என்றாள் அக்கா. தம்பி என்று சொல்லவில்லை.

“பாப்போம். நாளைக்கு வா,” என்றார் அவளிடம்.

வாசலில் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வைதானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

“அக்கா, நாளைக்கு நான் வரவா, வேணாமா? பரவாயில்லைன்னு மட்டும் சொல்லிடாதே.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

“வேணாம். நீ தப்பா எழுதினதுக்கு இல்ல. அந்தக் கட்டத்துக்கு நானும் அதையேதான் எழுதியிருப்பேன். கேட்டப்ப ‘ம்ம்’னியே, அதுக்கு. உன்கூட சேர்ந்து இதைச் செய்ய எனக்கு இஷ்டம் இல்லடா. துளியும் இல்ல.”