லட்டு கொடுத்து முடியட்டும்

நசீப் கௌரின் கட்டிலைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு முனையைப் பிடித்தவன் அவள் பெற்ற மகன் லக்வீர், மறுமுனையைப் பிடித்தவள் மருமகள் ரமன்தீப். கிழவி தலையணையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றாள். வழியை மறைக்காதீங்க பீஜி என்று மகன் ஒரு தடவை அதட்டினான். அம்மாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், அதட்டும்போதுகூட மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது.

"தப்பா நினைக்காதீங்க பீஜி," என்றாள் ரமன்தீப், மூச்சு வாங்கிக்கொண்டே. "எங்க அம்மா அப்பா ரெண்டு பேர். நீங்க ஒருத்தர். கணக்குன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

பெற்றோரைக் கனடாவுக்குக் கூப்பிட அரசாங்கம் நடத்தும் குலுக்கலில் அந்த வருஷம் ரமன்தீப்பின் பெயர் வந்துவிட்டது. சர்ரேயில் தெருவுக்குப் பத்துப் பேர் பெற்றோரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்கிறார்கள். இவளுக்கு வந்துவிட்டது. வந்ததில் நசீப் கௌருக்கு வருத்தமில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் பெண்ணோடு இருக்க ஆசைப்பட மாட்டார்களா? அவளைக் கிளப்பிவிட்ட அறையில் அவர்களை வைக்கப் போகிறார்கள் என்பதுதான் பொறுக்கவில்லை.

கீழ்த்தளத்து அறை அது. பஞ்சாபில், மோகா பக்கத்தில் அவள் புருஷன் செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டிய வீட்டை விற்ற காசில் போட்ட அறை. "உங்களுக்குன்னு தனி ரூம் கட்டறேன் பீஜி, தோட்டம் பார்த்த ஜன்னலோட," என்று மகன் ஃபோனில் உருகினான். காட்டிய இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். வந்து இறங்கியபோது இரட்டைக் குழந்தைகளுக்கு இரண்டு மாதம். ரமன்தீப் வங்கி வேலைக்குப் போனாள், லக்வீர் லாரியில் ஆல்பர்ட்டா வரை போய் வந்தான். நாலு வருஷம் கிழவியின் இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் தூங்கின. பள்ளிக்கூடம் திறந்த மாதமே கட்டில் நகர்ந்தது. ஆயா வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் லக்வீர் இன்னொன்றையும் மென்று விழுங்கிச் சொன்னான்.

"பீஜி, பனிக்காலத்துக்கு ஊருக்குப் போயிட்டு வாங்களேன். இந்தக் குளிர் உங்க முட்டிக்கு ஆகாது."

"எந்த வீட்டுக்குடா?"

அவன் ஃபோனைப் பார்த்தான். "மாமா வீடு இருக்கில்ல."

"திரும்பி வர டிக்கெட்?"

"அப்புறம் பார்த்துக்கலாம் பீஜி. இப்ப ஒரு பக்கம்தான் மலிவா இருக்கு."

விதவையாகி, வீட்டையும் விற்றுக் கொடுத்துவிட்டு, எழுபத்தொரு வயதில் தம்பி பெண்டாட்டியின் வாசலில் பெட்டியோடு நிற்க வேண்டுமாம். பெற்றவளைக் கை கழுவுகிறோம் என்று கூச்சமில்லை, முட்டிக்கு ஆகாதாம். அன்றைக்கு அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேத்திக்கு ஜடை பின்னிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில், வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் லங்கரின் சமையற்கட்டில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சிந்தோ. வாய் ஓயாதவள். மகனோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு இரண்டு விதவைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். நசீப் கௌர் டிக்கெட் கதையைச் சொன்னதும் சிந்தோ உருட்டுக்கட்டையைக் கீழே வைத்தாள்.

"அடியே நசீபோ, நீ போனா அவனுக்குக் கொண்டாட்டம். நீ போகாம இருந்து அரசாங்கத்துக்கிட்ட உதவி கேட்டா, அவன் தொலைஞ்சான்."

"எனக்கு எதுக்குடி அரசாங்கம் குடுக்கும்? பென்ஷனுக்கே பத்து வருஷம் ஆகணும்னாங்க."

"பென்ஷன் வேற. இது கதியில்லாதவங்களுக்குக் குடுக்கறது. உன் பையனும் மருமகளும் உன்னைக் கூப்பிடும்போது கையெழுத்துப் போட்டிருக்காங்க இல்ல? இருபது வருஷத்துக்கு சோறு, துணி, வீடு எல்லாம் எங்க பொறுப்புன்னு. அரசாங்கம் என்ன இளிச்சவாயா? உனக்குக் குடுத்ததை அவங்ககிட்ட வசூல் பண்ணும். அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் வேற யாரையும் கூப்பிட முடியாது. உன் சம்பந்தி அம்மா மோகாவிலேயே சாகுபடி பார்க்க வேண்டியதுதான்."

எதிரே மாவு பிசைந்துகொண்டிருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அதெல்லாம் நம்ம ஆளுங்க வாங்குவாங்களா? மானம் போயிடும் பெஹன்ஜி."

"யார் மானம்?" என்று கேட்டாள் நசீப் கௌர்.

அவள் கையிலிருந்த ரொட்டியை இன்னும் கொஞ்சம் வட்டமாகத் தேய்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்க லட்டுப் பெட்டிகள். குலுக்கலில் பெயர் வந்ததற்குத் தெரு முழுக்க, வங்கி முழுக்க, லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டுமாம். இன்னும் விண்ணப்பமே முழுசாகப் போகவில்லை, அதற்குள் ரமன்தீப் பட்டு சல்வாரில் நின்று ஃபோனில் அம்மாவிடம் ஸ்வெட்டர் அளவு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பீஜி, கொஞ்சம் ரிப்பன் கட்டித் தரீங்களா? உங்க முடிச்சு அழகா இருக்கும்."

கட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் ரிப்பனை இழுத்து, பூப்போல விரித்து, ஆசையாகக் கட்டினாள். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். 'இப்படிச் செய்தால் நானும் இப்படிச் செய்வேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகன் பயந்து கட்டிலைத் திரும்ப நகர்த்தியிருப்பான். சொல்லவில்லை. முதலில் லட்டு கொடுத்து முடியட்டும். எத்தனை வீட்டுக்குப் போகிறதோ அத்தனை வீட்டிலும் நாளைக்குக் கேட்பார்கள் இல்லையா, என்னம்மா, அம்மா அப்பா எப்ப வராங்க என்று? பக்கத்துத் தெருவை விட்டுட்டியே ரமன் என்று அவளே ஞாபகப்படுத்தினாள்.

ஊருக்குப் போகிற நாளும் வந்தது. லக்வீருக்கு அன்றைக்கு சரக்கு ஏற்றும் வேலையாம். விமான நிலையத்துக்குத் தெரிந்த பையனின் டாக்ஸியை ஏற்பாடு செய்துவிட்டு, விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டான். ரமன்தீப் வாசல்வரை வந்து காலைத் தொட்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அதுதான் நசீப் கௌரைக் குத்தியது. பிள்ளைகள் வருவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று பார்த்து வாங்கிய டிக்கெட் அது.

நெடுஞ்சாலை வருவதற்கு முன்னால் டாக்ஸிக்காரனின் தோளைத் தட்டினாள்.

"மகனே, வண்டியைத் திருப்பு. சிந்தோ வீட்டுக்குப் போ."

"ஆன்ட்டி, பிளேன்?"

"பிளேன் என்னை விட்டுட்டுப் பறக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

மறுநாள் சிந்தோ அவளை அரசாங்க உதவி கொடுக்கும் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்தது பஞ்சாப் பக்கத்துப் பெண்தான், ஜலந்தர்க்காரி. கையில் காசு இருக்கிறதா, எங்கே படுக்கிறீர்கள், மகன் ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நசீப் கௌர் ஒருவழி டிக்கெட்டை மேஜையில் வைத்தாள். அந்தப் பெண் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பீஜி, ஒண்ணு உங்களுக்குப் புரியணும். நாங்க குடுக்கற ஒவ்வொரு டாலரையும் உங்க மகன், மருமகள் பேர்ல கடனா எழுதுவோம். அதைத் தீர்க்கற வரைக்கும் அவங்க வேற யாரையும் நாட்டுக்குக் கூப்பிட முடியாது. ஏற்கெனவே கேட்டிருந்தாலும் நின்னு போயிடும்."

"திரும்பச் சொல்லும்மா."

பாவம், கிழவிக்குப் புரியவில்லை என்று நினைத்து அவள் இன்னும் நிதானமாக, சத்தமாகச் சொன்னாள். நசீப் கௌர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நாலு வருஷத்தில் இவ்வளவு இதமான பேச்சை அவள் காது கேட்டதில்லை.

பயணம் போகவில்லை என்று தெரிந்த அன்றே லக்வீர் ஃபோன் செய்தான். எடுக்கவில்லை. பிறகு அவனும் விட்டுவிட்டான். எங்கேயோ இருக்கிறாள், சோறு கிடைக்கிறது, நமக்கு மிச்சம் என்று இருந்திருப்பான். இரண்டு மாதம் கழித்து அரசாங்கத்திலிருந்து கடன் விவரம் போனது. அதற்கடுத்த வாரம் சம்பந்திகளின் விண்ணப்பம் நிறுத்தப்பட்டது. சிந்தோவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ரமன்தீப் வங்கியில் நாலு நாள் லீவு, யார் முகத்திலும் விழிக்க முடியவில்லையாம் என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நசீப் கௌரும் சிரித்தாள். நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லங்கரில் அவளுக்கு ரொட்டி பரிமாறும் முறை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தவள், நடுவில் மகன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தாடி சரியாக வாரப்படவில்லை. ரொட்டிக்கு இரண்டு கையையும் சேர்த்து ஏந்தித்தான் ஆக வேண்டும், யாராக இருந்தாலும். அவனும் ஏந்தினான்.

"பீஜி, வெளிய வாங்க. கொஞ்சம் பேசணும்."

"இங்கேயே பேசு. இங்க இருக்கறவங்க எல்லாரும் உன் லட்டு சாப்பிட்டவங்கதானே."

பக்கத்தில் இருந்தவர்கள் பருப்பை அளைவதை நிறுத்தினார்கள். லக்வீர் குரலைத் தாழ்த்தினான்.

"மொத்தமும் கட்டிட்டேன் பீஜி. ரமனோட நகையை வச்சுக் கட்டிட்டேன். இனிமே வாங்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அடுத்த மாசமும் வாங்குவேன்."

"அதையும் கட்டினா?"

"அதுக்கடுத்த மாசமும் வாங்குவேன்."

"எத்தனை நாளைக்குப் பீஜி?"

"நீ எத்தனை வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ட?"

அவன் தலையைக் குனிந்தான். "இருபது."

"நாலு போச்சு. பாக்கி பதினாறு இருக்கு. கணக்குன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

அவன் முகம் கறுத்துப் போனது. பிறகு, கடைசியாக வைத்திருந்ததை எடுத்தான். "பசங்க தினமும் உங்களைக் கேக்கறாங்க. சீரத் உங்க தலையணை உறை இல்லாம தூங்க மாட்டேங்கறா. வீட்டுக்கு வாங்க பீஜி."

அது நேராகப் போய்த் தைத்தது. கூடை இடுப்பில் கனத்தது. அந்தப் பிள்ளையின் எண்ணெய்த் தலை வாசனை அவள் மூக்குக்கு அப்படியே வந்தது. போய்விடலாம் என்றுதான் இருந்தது அவளுக்கு. வாய்வரை வந்த 'சரி'யை நிறுத்தி, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த அறைக்குடா?"

ஒரு நொடிதான். அவன் கண் தட்டுக்குப் போனது. அந்த அறைதான் பீஜி என்று உடனே சொல்லியிருந்தால் அவள் கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னால் போயிருப்பாள், பெற்ற வயிறு இல்லையா. அவன் யோசித்தான். வீட்டில் ஒருத்தியிடம் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது போலிருக்கிறது.

ஏந்திய கையில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். "வயிறாரச் சாப்பிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தாள்.

திங்கட்கிழமை காலையில் சிந்தோ எழுந்தபோது நசீப் கௌர் கையில்லாத ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, காலில் விளையாட்டு ஷூ போட்டுக்கொண்டு கதவருகில் நின்றாள். நாலு வருஷமாக இரத்த அழுத்த மாத்திரையை முழுங்காமல் கழுவும் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தவள். தினம் படுக்கும்போது வாஹேகுரு, சீக்கிரம் கூப்பிட்டுக்கொள் என்று முனகிவிட்டுப் படுத்தவள்.

"எங்கடி கிளம்பிட்ட இந்தக் குளிர்ல?"

"நடக்கப் போறேன். அப்படியே டாக்டரையும் பார்க்கணும்," என்றாள் நசீப் கௌர். "மாத்திரையை ஒழுங்கா முழுங்கணும். இன்னும் பதினாறு வருஷம் நான் உயிரோட இருந்தாகணும்."