வெறும் தண்ணீர் என்றுதான் எழுதியிருந்தது

வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருப்பதே அது மக்கர் பண்ணும் வரை யாருக்கும் நினைவிருப்பதில்லை. எல்வின் ப்ராட்டனுக்கும் அப்படித்தான். சுப்பீரியர் ஏரித் துறைமுகத்தில் கப்பலுக்குக் கோதுமை ஏற்றுகிறவர். பித்தப்பைக் கல் ஒன்று நழுவிக் குழாயை அடைக்க, கணையம் வீங்கி, வலியில் சுருண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஐந்து வாரம் ஓடிவிட்டது. வலி போய்விட்டது. கணையத்தைச் சுற்றிச் சேர்ந்த நீர் மட்டும் போகவில்லை. முலாம்பழம் அளவுக்குத் திரண்டு இரைப்பையை நசுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாய் சூப் உள்ளே போனால் மூன்று வாய் வெளியே வரும்.

மறுநாள் காலை ஒரு மெல்லிய குழாய் போட்டு வடித்துவிடுவதாக ஏற்பாடு. அடுத்த வாரம் வீடு. அதற்கடுத்த வாரம், எப்போதும்போல ஏப்ரலில், இந்த வருஷத்தின் முதல் கடல் கப்பல் துறைக்குள் வரும். ஏரியில் உறைந்த பனி உடைந்ததும் வருகிற முதல் கப்பலின் கேப்டனுக்குப் பரிசு கொடுப்பதும், ஊரே போய்க் கரையில் நிற்பதும் அங்கே திருவிழா மாதிரி. அந்தக் கப்பலுக்கு முதல் கோதுமையைக் கொட்டுவது பல வருஷமாக எல்வின்தான். இந்தக் கோடையோடு அவருக்கு ஓய்வு. அதனால் நர்ஸ், சமையல்காரர், தரை துடைக்கிறவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் முதல் கப்பலைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார்.

அன்று மத்தியானம், படம் பார்த்து நோய் சொல்லும் டாக்டர் ஐலா ரின்டமாகி, எல்வினுடைய புதிய சி.டி. படத்தைத் திறந்தாள். திறந்தவள் மூடவில்லை. காபி ஆறிப்போயிற்று.

இப்படிச் சேருகிற நீருக்கு டாக்டர்கள் நான்கு பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கேட்டுக்கொள்கிற கேள்வி இரண்டுதான். நாலு வாரம் தாண்டியதா? உள்ளே செத்த சதை கிடக்கிறதா? நாலு வாரம் தாண்டி, சுற்றிச் சுவர் எழும்பி, உள்ளே வெறும் தண்ணீர் இருந்தால் போலி நீர்க்கட்டி. மெல்லிய குழாய் போதும், வடிந்துவிடும். அதே சுவருக்குள் செத்த சதை கிடந்தால் பெயரும் வேறு, வைத்தியமும் வேறு. மெல்லிய குழாய் போட்டால் தண்ணீர் மட்டும் வரும். சதை உள்ளேயே கிடக்கும். குழாய் வழியாகக் கிருமி ஏறி அது அழுக ஆரம்பித்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

எல்வினுடைய அறிக்கைகள் எல்லாவற்றிலும், செத்த சதை இல்லை என்றே இருந்தது. முதல் படம் அவர் வந்த அன்றே எடுத்தது. அவ்வளவு சீக்கிரம் எடுத்தால் எந்தச் சதை சாகப்போகிறது என்று படத்தில் தெரியாது. அதற்குப் பிறகு எழுதியவர்கள் பழைய அறிக்கையின் வரியையே கம்ப்யூட்டர் தானாக இழுத்துப் போட, 'மாற்றமில்லை' என்று சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் ஐலாவும் ஒருத்தி. தன் பெயரை அங்கே பார்த்ததும் அவளுக்கு முகம் சுட்டது.

இப்போதைய படத்திலும் எல்லாம் தண்ணீர் மாதிரிதான் ஒரே சீராகத் தெரிந்தது. ஆனால் தண்ணீர் கணையத்துக்குப் பக்கத்தில் இல்லை. கணையத்தின் நடுப்பகுதி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அங்கே இருந்த கணையம் எங்கே போயிற்று? தண்ணீருக்கு நடுவில் கொழுப்பு மாதிரி ஒரு பொட்டு வேறு. வெறும் தண்ணீரில் அது எப்படி வந்தது?

பக்கத்து அறையில் இருந்த ரெஜான் கோர்மியேவைக் கூப்பிட்டாள். நாளைக்குக் குழாய் போடப்போகிறவன் அவன்தான். பதினைந்து வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறவர்கள்.

"இதைக் கொஞ்சம் பாரு."

ரெஜான் நின்றபடியே பார்த்தான். "தண்ணி."

"நடுவுல கணையத்தைக் காணோமே."

"நசுங்கியிருக்கும். ஐலா, போன மாசமும் நீ இப்படித்தான் சொன்னே. நான் கையுறை போட்டுட்டு நிக்கிறப்போ ஓடி வந்து நிறுத்தினே. அந்தம்மாவ விமானத்துல டொராண்டோவுக்கு அனுப்பினோம். அங்க என்ன சொன்னாங்க?"

ஐலா படத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"வெறும் தண்ணின்னாங்க. 'ஏரிக்கரைக்காரங்களுக்குத் தண்ணி பார்த்தா தெரியாதா'ன்னு கிண்டல் வேற. ஃபோன்ல வாங்கிக் கட்டிக்கிட்டது நீயா, நானா?"

"நீதான். அதுக்காக இதைப் பாக்காம விட்டுட முடியுமா?"

"உறுதியாச் சொல்லு. செத்த சதைதானா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். உறுதியாகத் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தண்ணீர் வேறு சதை வேறாகக் காட்டிக் கொடுத்துவிடும். எல்வின் நெஞ்சில் இருந்ததோ பழைய காலத்து பேஸ்மேக்கர். எம்.ஆர்.ஐ. காந்தம் இருக்கும் அறை வாசலைக்கூட அவர் மிதிக்கக்கூடாது. மறுபடியும் தப்பாகப் போனால் இனி தன் பேச்சை இந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள் என்று ஐலாவுக்குப் பயமாகவே இருந்தது. பேசாமல் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டுப் போனால் யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. அது அதைவிடப் பயமாக இருந்தது.

"உறுதியாத் தெரியல. அல்ட்ராசவுண்ட் போட்டுப் பாத்துடறேன். நீயும் வா."

"குடல்ல இருக்கிற காத்து மறைக்கும். ஒண்ணும் தெரியாது."

"தெரியலன்னா வாயை மூடிக்கிட்டுத் திரும்பி வந்துடறேன். போதுமா?"

ரெஜான் பெருமூச்சு விட்டுக்கொண்டு கூடவே வந்தான்.

எல்வின் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி லோர்னா பக்கத்தில் நாற்காலியில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அல்ட்ராசவுண்ட் வண்டியைப் பார்த்ததும் எல்வின் மல்லாந்து படுத்துச் சட்டையைத் தூக்கினார்.

"பையனா பொண்ணான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா. பேரு வைக்கணும்."

"உங்க வயசுக்கு ஆசையைப் பாரு" என்றார் லோர்னா, தலை நிமிராமலே.

ஐலா சிரித்தாள். பசையைத் தடவி, மேல்வயிற்றில் கருவியை அழுத்தினாள். ரெஜான் சொன்னதுபோலவே திரை முழுக்கக் காற்றின் வெள்ளைக் கோடுகள். இன்னும் அழுத்தினாள். ஒன்றுமில்லை. ரெஜான் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க."

எல்வின் இழுத்துப் பிடித்தார். கல்லீரல் கீழே இறங்கி, அதன் வழியாக ஒரு ஜன்னல் திறந்தது. கறுப்பு. தண்ணீர் திரையில் கறுப்பாகத்தான் தெரியும். சுத்தமான கறுப்பு. போச்சு, மறுபடியும் மானம் போச்சு என்றே ஐலா நினைத்தாள்.

பின்னால் ரெஜான் மெல்லக் கனைத்தான்.

அவள் கருவியை எடுக்கவில்லை. கட்டியின் அடிப்பக்கம் இன்னும் பார்வைக்கு வரவில்லை. மல்லாந்து படுத்திருப்பவருக்குக் கனமானதெல்லாம் முதுகுப் பக்கம்தானே கிடக்கும்.

"இடது பக்கமாத் திரும்பிப் படுங்க. மெதுவா. நான் பிடிச்சுக்கறேன்."

லோர்னா எழுந்து வந்து முதுகைத் தாங்கினார். எல்வின் முனகிக்கொண்டே திரும்பினார். திரையில் கறுப்பு அப்படியே இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று மெல்லச் சரிந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் குவியலாக. பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் தங்கிய கெட்டிக் கஞ்சி நகர்ந்து வருவதுபோல, எல்வினுடைய கணையத்தில் பாதி அந்தத் தண்ணீருக்குள் துண்டு துண்டாக நகர்ந்து வந்தது.

ரெஜான் சுவரை விட்டு வந்தான். திரைக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இவ்வளவா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். ஐலா சொல்லவேண்டியதை அவனே சொல்லிவிட்டான்.

"எல்வின், நாளைக்குக் குழாய் போடல. உள்ள இருக்கறது வெறும் தண்ணி இல்ல. செத்துப்போன சதையும் இருக்கு. மெல்லிசுக் குழாய் போட்டா தண்ணி வந்துடும், இது உள்ளயே நின்னு கெட்டுப்போகும். பெரிய வழி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். டொராண்டோவுலதான் செய்வாங்க."

"எத்தன நாளு?"

"சில வாரம். கூடவும் ஆகலாம்."

எல்வின் ரெஜானைப் பார்த்தார். பிறகு ஐலாவைப் பார்த்தார்.

"வெறும் தண்ணின்னுதானே இத்தன நாளாச் சொன்னீங்க."

"ஆமா. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். தப்பு" என்றாள் ஐலா.

"இன்னிக்கு நீ இந்தப் பக்கம் வராம இருந்திருந்தா, நான் கப்பலைப் பாத்திருப்பேன்."

பார்த்திருக்கவும் கூடும். பார்த்துவிட்டு, அடுத்த வாரம் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கவும் கூடும். ஐலா வாயைத் திறந்தாள். அதற்குள் எல்வின் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். வயிற்றுப் பசையைத் துடைக்கக்கூட விடவில்லை. ஒரு வாழ்நாள் உழைப்பின் கடைசிக் கொண்டாட்டத்தைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டதுபோல ஐலாவுக்கு இருந்தது. ரெஜான் டொராண்டோவுக்கு ஃபோன் பண்ணப் போனான். அவள் கருவியைத் துடைத்து மாட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தின் பாதியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. லோர்னா.

"மன்னிச்சுக்கோங்க, லோர்னா. அவருக்கு அந்தக் கப்பல்..." என்று ஐலா ஆரம்பித்தாள்.

"கப்பலா? இனிமே சாகற வரைக்கும் இதைச் சொல்லியே என் உயிரை எடுப்பாரு. நீங்க வந்தீங்க, கப்பல் போச்சுன்னு. ஒவ்வொரு ஏப்ரலுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவாரு."

சொல்லிக்கொண்டே வந்தவர், ஐலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கவில்லை.

"வச்சிக்கட்டும். ஒவ்வொரு ஏப்ரலுக்கும் வச்சிக்கட்டும்."