திருப்பாத நாலு அட்டை

இந்தக் காலத்தில் ஒருத்தனுக்கும் சொந்தப் புத்தியில் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கத் தெரியவில்லை. சப்ஜி வண்டி முன்னால் நின்றுகொண்டு வீட்டுக்கு வீடியோவில் காட்டுகிறான், "இது பிஞ்சா, முத்தலா?" என்று. நுனியை ஒடித்தால் தெரிந்துவிடும். ஒடிக்க மாட்டான். டில்லி ஜனக்புரி முழுக்க இப்படிப்பட்ட ஜென்மங்கள்தான் என்பது அய்யாசாமியின் தீர்மானம். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் யோசிக்கத் தெரிகிறதா என்று சோதனை வைத்தார்கள்.

எல்லாம் அந்த இரண்டு மின்சாரக்காரர்களால் வந்தது. மீட்டர் பார்க்க வந்தோம் என்று ஐடி கார்டைக் காட்டினார்கள். ஐடி கார்டு எவன் வேண்டுமானாலும் அடிப்பான். அய்யாசாமி இருவரையும் பால்கனியில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, விசாரித்து வரலாம் என்று மின்சார ஆபீசுக்குப் பஸ் ஏறினார். போன நேரம் அங்கே சாப்பாட்டு நேரம். மூன்று மணி நேரம் கழித்து வந்து, "அசல் ஆளுங்கதானாம், போங்க" என்று திறந்துவிட்டார்.

சேதி கேட்டு மகன் பாலசுப்ரமணியம் மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து ஓடி வந்தான். மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர்.

"அப்பா, உங்களுக்குப் புத்தி தடுமாறுது. இனிமே தனியா இருக்க வேண்டாம். எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"உன் வீட்டுக்கா? அங்க கக்கூஸ் போறதுக்கே உன் பொண்டாட்டிகிட்ட டைம் கேட்கணும்."

சண்டை முற்றியபோது மருமகள் வத்சலாதான் வழி சொன்னாள். யுனிவர்சிட்டியில் மனுஷ மூளை எப்படி முடிவெடுக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். போய் உட்கார்ந்தால் ரிப்போர்ட்டும் தருவார்களாம். நல்லபடியாக வந்தால் கிழவர் ஜனக்புரியிலேயே இருந்துகொள்ளலாம். மோசமாக வந்தால் ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்ட வேண்டும். அய்யாசாமி சரி என்றார். காகிதத்தில் எழுதி வந்தால்தான் மகன் எதையும் நம்புவான். அவன் உத்தியோகம் அப்படி.

ஏசி அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஜ்யோத்ஸ்னா என்று ஒரு பெண். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நாலு அட்டைகளைப் பரப்பினாள். ஒன்றில் அ, ஒன்றில் க, ஒன்றில் 4, ஒன்றில் 7.

"அங்கிள், எல்லா கார்டிலும் ஒரு சைடு லெட்டர், பின்னாடி நம்பர். ரூல் என்னன்னா, ஒரு சைடு 'அ' இருந்தா அதுக்குப் பின்னாடி நாலு இருக்கணும். இந்த ரூல் கரெக்டான்னு பார்க்க எந்தெந்த கார்டைத் திருப்பணும்? ஜல்தி வேண்டாம், யோசிச்சு சொல்லுங்க."

"யார் போட்ட ரூல்?"

"யாரும் போடலை அங்கிள். சும்மா ரூல்."

"சும்மா ரூலுக்கு எதுக்குத் தாயி செக்கிங்கு?"

"டென்ஷன் ஆகாதீங்க. நூறு பேர்ல தொண்ணூறு பேர் தப்பாத்தான் சொல்றாங்க."

"தொண்ணூறு பேருக்குத் தப்பாப் போகுதுன்னா கேள்வி கேட்டவனைப் போய்ப் பிடி."

பக்கத்து நாற்காலியில் மகன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, ஏதாவது ஒண்ணைத் தொடுங்களேன்."

அய்யாசாமி அட்டைகளை உற்றுப் பார்த்தார். படிப்பு அஞ்சாம் கிளாஸ்தான். ஆனால் மந்திரி ஆபீசில் முப்பத்தாறு வருஷம் பியூனாக ஃபைல் சுமந்த கை அது. இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக எத்தனை ஆயிரம் ஃபைல்! ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. பார்த்தவன் கதி தெரியும். ஜம்பு என்று ஒரு பியூன் ஒரே ஒரு தாளைப் புரட்டிவிட்டு மெமோ வாங்கினான். ரிட்டயர் ஆகும் வரை சைக்கிள் ஷெட்டில்தான் உட்கார்ந்திருந்தான்.

"எதையும் திருப்ப மாட்டேன்."

"ஒண்ணுகூடவா?"

"திருப்பிப் பார்க்கற அதிகாரம் எனக்கு இல்ல. மேல அனுப்பு."

ஜ்யோத்ஸ்னா கம்ப்யூட்டரைத் தட்டினாள். எத்தனை அட்டை என்று குறிக்க ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கட்டங்கள் இருந்தன. பூஜ்யத்துக்குக் கட்டம் இல்லை. கட்டத்தைத் தொடாமல் அடுத்த கேள்வி வராது. அடுத்த கேள்வி வராமல் ரிப்போர்ட் வராது.

"நீங்களே ஒண்ணு போட்டுடும்மா," என்றான் பாலசுப்ரமணியம்.

"ஐயோ அங்கிள், நான் தொடக் கூடாது. சாரைக் கேட்கணும்."

"அப்ப நீயும் என்னை மாதிரி பியூன்தான்," என்றார் அய்யாசாமி. முதல் தடவையாக அவருக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது.

புரொபசர் வந்தார். முடிவெடுப்பது எப்படி என்று மூன்று புத்தகம் எழுதியவராம். தப்பு என்று போடலாமா என்று பார்த்தார். தப்பாகத் திருப்பினால்தானே தப்பு? இவர்தான் திருப்பவே இல்லையே. சரி என்று போடலாமா? சரியாகவும் திருப்பவில்லையே. இரண்டு தடவை ஜன்னல் வரை போய்த் திரும்பினார். கடைசியில் ஹிந்தியில் கேட்டார், "பாபுஜி, உங்கள் ஆபீசில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் என்ன செய்வார்கள்?"

அய்யாசாமி சொல்லிக் கொடுத்தார். நாலு அட்டையையும் ஒரு ஃபைலில் வைத்து நாடாவால் கட்டினார்கள். 'எந்த அட்டையைத் திருப்புவது என்பது தக்க உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று ஒரு நோட். கீழே புரொபசர் கையெழுத்து. அதை டீன் அறைக்கு எடுத்துப் போனதும் அய்யாசாமிதான். அங்கே வேறு எவனுக்கும் ஃபைல் பிடிக்கத் தெரியவில்லை. பழைய பேப்பர் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பெயர் வெளியே தெரியாமல் மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டாமா?

பத்து நிமிஷத்தில் ஃபைல் திரும்பி வந்தது. 'பேசவும்' என்று டீன் எழுதியிருந்தார். புரொபசர் போய்ப் பேசினார். பேசியதில் ஒரு கமிட்டி போடுவதென்று ஆயிற்று. கமிட்டியில் யார் யார் என்று தீர்மானிக்க இன்னொரு கமிட்டி. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ரிப்போர்ட்டைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். 'முடிவெடுக்கும் திறன்: பரிசீலனையில் உள்ளது.'

பாலசுப்ரமணியம் அதை முன்னும் பின்னும் பார்த்தான். "இதை வெச்சுகிட்டு நான் என்னப்பா பண்றது? பாஸா, ஃபெயிலா?"

"பரிசீலனையில இருக்கற விஷயத்துக்கு உன் ஆபீஸ்ல என்னடா எழுதுவே?"

பழக்க தோஷம், மகனின் வாய் தானாகத் திறந்தது. "உத்தரவு வரும் வரை தற்போதைய நிலையே தொட..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"தொடரும்," என்று அய்யாசாமி முடித்து வைத்தார். "ஜனக்புரி."

"அப்பா, அது ஆபீசுக்கு. இது வீடு."

"இதுல சீல் இருக்கு, பார்."

இருந்தது. வட்டமாக, ஊதா மையில். சீலுக்கு எதிராகப் பாலசுப்ரமணியம் ஜென்மத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வத்சலாவிடம் என்ன சொல்வது என்று முணுமுணுத்தபடி ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

வாசல் தாண்டும்போது ஜ்யோத்ஸ்னா மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஃபைலிலிருந்து உருவிய அந்த 'அ' அட்டை. "அங்கிள், எனக்கு மனசு கேக்கலை. நீங்களே பாருங்க." திருப்பிக் காட்டினாள். பின்னால் பெரிதாக 4.

"இப்ப உள்ள போய் எழுதிட்டு வந்திருப்பே."

"மை காஞ்சிருக்கே அங்கிள், தொட்டுப் பாருங்க!"

"ஏசி ரூம்ல சட்டுனு காயும் தாயி," என்று சொல்லிக்கொண்டே அவர் மெட்ரோ பக்கம் நடந்தார்.