நாலு வரியும் கொசுறும்

இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் நாலு வரியின் விலை, குதிரைச் சவாரி ஒரு சுற்று. குதிரை நான். விலை சொன்னவள் என் மகள்.

துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவன் நான். சொன்ன விலைக்கு எதையாவது வாங்கிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அதே புத்தியோடுதான் பள்ளிக்கூடத்துக்கும் போனேன்.

"வீட்டுல தினமும் இருபது நிமிஷம் சத்தமா வாசிக்க வைங்க. நோட்டுல குறிச்சுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் டீச்சர்.

"பத்து நிமிஷத்துக்கு முடிச்சுக்கலாமே டீச்சர். ரெண்டு பேருக்கும் கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. "மூணு வாரம் கழிச்சு வகுப்பு முன்னாடி ஒரு பக்கம் வாசிக்கணும். முடியலைன்னா, வாசிப்பு நேரத்துக்கு அவளை ஒண்ணாம் வகுப்புல உட்கார வைக்க வேண்டி வரும்."

என் விரலைப் பிடித்திருந்த மகளின் பிடி இறுகியது. எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரியும். சத்தமாக வாசிக்கச் சொன்னால்தான் தொண்டையில் பூட்டு விழும்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. பள்ளி விட்டு வந்ததும், கூட்டம் கூடுவதற்கு முன், துணி வெட்டும் மேசைமேல் அவளை உட்கார வைத்தேன்.

"பத்து வரி."

"ஒண்ணு."

"சரி, எட்டு."

"ஒண்ணரை."

"அரை வரியை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?"

கடைசியில் நாலுக்குப் படிந்தது. குதிரை அவள் போட்ட நிபந்தனை.

"அப்பனைத் தப்பாம உரிச்சு வச்சிருக்கா" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

முதல் நாள் நாலு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மறுநாள் மூன்றாவது வரியிலேயே கண்ணீர். எனக்குத் தாங்கவில்லை. நோட்டை இழுத்து, அந்த வாரத்தில் மிச்சமிருந்த ஆறு நாளுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"அட்வான்ஸ். அழாத கண்ணு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தாள். "வாசிக்காததுக்கு எதுக்குப்பா கையெழுத்து? அளக்காமலே துணி வெட்டுவீங்களா?"

இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னை இப்படி மடக்கியதில்லை. பேனாவை வாங்கி ஆறு கையெழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தாள். பிறகு மூன்றாம் வரியை முடித்தாள். நாலாவதையும் முடித்தாள். அத்தோடு நிற்காமல் ஐந்தாவதில் விரல் வைத்தாள்.

"நாலு ஆயிடுச்சே."

"இது கொசுறு."

மீட்டர் கணக்குக்கு அளந்த பிறகு நாலு விரல் கூடுதலாக விட்டு வெட்டுவது எங்கள் கடை வழக்கம். எவ்வளவு அடித்துப் பேசியவருக்கும் அது உண்டு. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அதன்பின் கொசுறு ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. அவள் ஒரு சொல்லில் தடுக்கி நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் என் வேலை. வியாபாரிக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. லைனிங் துணி வாங்க வந்த தையல்கார அக்கா, அவள் வாசித்த ஆமைக் கதையில் மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிய பிறகும் நகரவில்லை.

"அந்த ஆமை கரையேறிச்சா இல்லையா? அதைச் சொல்லு, போறேன்."

"நாளைக்கு வாங்க அத்தை" என்றாள் மகள். வாடிக்கை பிடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். மகள் எழுந்தாள். முதல் வரி அவளுக்கே கேட்டிருக்காது. இரண்டாவதில் ஒரு சொல் தடுக்கியது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளே தாண்டினாள். ஐந்தாவது வரி ஜன்னல்வரை வந்தது. பதினாலு வரியும் முடிந்தது. அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"போதும்மா, பக்கம் முடிஞ்சுது" என்றார் டீச்சர்.

"இது கொசுறு டீச்சர்" என்று சொல்லி, அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். இந்த முறை சிரித்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன், சரியாகத்தான் இருந்தது.

அன்று மாலை நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். இருபது நாளுக்குப் பேசியது எண்பது வரி. வந்தது நூற்று முப்பத்தொன்று. கொசுறு ஐம்பத்தொன்று. வகுப்பில் வாசித்ததை இதில் சேர்க்கவில்லை. அதற்கு விலை கிடையாது. குதிரை ஓடியது பதின்மூன்று சுற்று. என் பேரில் பாக்கி, ஏழு.